போராட்டப் பாட்டு: ஆயுதமா, அரைநாள் பரபரப்பா?

நடுவர் அவர்களே, ஸ்வெட்டரும் மப்ளருமாக இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கொடைக்கானல் பெருமக்களே, வணக்கம்.

இன்றைய போராட்டப் பாடல்கள் மாற்றத்துக்கு உதவுகின்றனவா, பரபரப்போடு முடிந்துபோகின்றனவா? இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் சொன்னார்: "செல்போனில் பார்ப்பார்கள், நாலு பேருக்கு அனுப்புவார்கள், அடுத்த நிமிடம் பிரியாணி வீடியோவுக்குப் போய்விடுவார்கள்." கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பாதி உண்மை என்பதால். மீதிப் பாதியைக் காட்ட உங்களைச் சென்னைக்கு அழைத்துப் போகத் தேவையில்லை. நம் செயின்ட் மேரிஸ் சாலை போதும்.

அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் ஓடிய ஆலையைப் பெயர்த்து 1980களில் பாண்ட்ஸ் இங்கே கொண்டுவந்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-இல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி நம் ஊர் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது அம்பலமானது. ஊர் திரண்டது, ஆலை மூடப்பட்டது.

அப்புறம்? அப்புறம் பல வருடம் மனு, குழு, அறிக்கை, அந்த அறிக்கைக்கு மறுப்பு அறிக்கை. வேலை செய்தவர்கள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். பாதரசத்தால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்றே நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது.

2015 ஜூலை கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் ஒரு ராப் பாட்டோடு வந்தார். 'கொடைக்கானல் வோன்ட்' என்று பெயர். மெட்டு, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜ் பாடிப் பிரபலமான பாட்டினுடையது. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். ஹிந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவரின் அப்போதைய உலகத் தலைமை அதிகாரி பால் போல்மன் ட்விட்டருக்கே வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான உதவி என்றுதான் அதற்கும் பெயர் வைத்தார்கள். அதை நாம் கவனிக்காமல் இல்லை.

பாட்டால்தான் தீர்ந்தது என்று நான் சொன்னேனென்றால், நடுவர் அவர்களே, இப்போதே என் அணிக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிடுங்கள். வழக்கை நடத்தியவர்கள் தொழிலாளர்கள். அலைந்தவர்கள், நோயோடு நின்றவர்கள், சங்கம் சேர்ந்தவர்கள் அவர்கள். பாட்டு செய்தது வேறு வேலை. கோர்ட்டுக் கட்டு எத்தனை கனமாக இருந்தாலும் லண்டனில் சோப்பு வாங்குகிறவர் அதைப் புரட்டப்போவதில்லை. சில நிமிடப் பாட்டைக் கேட்பார். கேட்டுவிட்டால் கேள்வியும் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் கம்பெனிக்காரர்களுக்குப் பயம்.

"ஆங்கிலப் பாட்டு, நம் தொழிலாளிக்கே புரியாது" என்றார் அண்ணன். தொழிலாளிக்கு எதற்குப் புரிய வேண்டும்? அவர் பட்டதை அவருக்கே பாடிக்காட்டவா? அது யாருக்கு எழுதிய கடிதமோ அவர் மொழியில்தான் எழுதினார்கள்.

"கடன் வாங்கிய மெட்டு" என்றும் சொன்னார். இதற்கு நான் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். பாரதி 'தொண்டு செய்யும் அடிமை' பாடியது எந்த மெட்டில்? நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், ஆண்டை தன் பண்ணையாள் நந்தனாரை ஏசும் பாட்டின் மெட்டில். கேட்டவர்களின் காதில் அந்த ஏச்சு ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் வெள்ளைக்காரனின் திமிரை ஏற்றியதும் யார் ஆண்டை, யார் அடிமை என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போலி சுதேசிகளைக் கிண்டல் செய்ய அவர் கிளிக்கண்ணி மெட்டை எடுத்தார். ஊருக்குத் தெரிந்த மெட்டை எடுப்பது நம் வழக்கம், அண்ணா. சோஃபியா செய்ததும் அதுதான். இப்போது ஊர் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

எதிரணி அக்கா நீலகிரிக்குப் போனார். "எஞ்சாயி எஞ்சாமி கல்யாண மண்டபத்தில் ஆடத்தான் பயன்பட்டது" என்றார். ஆடட்டுமே! 1964 ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் லைன் வீட்டுக்காரர்களைக் கேட்டால் அந்தக் கதை கிடைக்கும். ஆனால் கீழ்நாட்டில் எத்தனை பேர் கேட்டோம்? 2021-இல் வந்த எஞ்சாயி எஞ்சாமியை எழுதிய பாடகர் அறிவு, தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் பெயரைப் பாட்டிலேயே வைத்தார். ஆடியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் "யார் அந்தப் பாட்டி?" என்று தேடியிருந்தாலும் எனக்குப் போதும்.

சரி, கொடைக்கானலுக்கே வருகிறேன். உடன்பாட்டோடு பாடியவர்கள் கையைக் கழுவிவிட்டார்களா? இல்லை. 2018-இல் சோஃபியாவோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து அடுத்த பாட்டு வந்தது. இந்த முறை ஆலை மண்ணைப் பற்றி. சுத்தம் செய்த பிறகும் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்று இங்கே அளவு வைத்தார்கள். பிரிட்டனில் இப்படி விடுவீர்களா என்பதுதான் சண்டை. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்குப் போகிறது. பணம் கொடுத்து முடிக்கிற கணக்கா அது? எனக்கு முதல் பாட்டைவிட இதுதான் பெரிது. முதல் பாட்டில் கோபம் இருந்தது. இதில் கோபத்தோடு கணக்கும் இருக்கிறது.

மறந்துபோகும் என்கிறார்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் அண்ணன் கிண்டலுக்காக அந்த ராப்பை இந்த மேடையில் இரண்டு வரி பாடிக்காட்டினார். வரி தவறவில்லை, தாளமும் தவறவில்லை. பாட்டு வந்து இத்தனை வருடம் கழித்து அவருக்கு அது எப்படி மனப்பாடம்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.