கடல் தாண்டி வரும் கணினிப் பாகம்: பணம் கட்டும் முன் விற்பவரைச் சோதித்துப் பாருங்கள்

(திரையில்: மதுரை டவுன்ஹால் ரோட்டின் கடைப் பலகைகள். பிறகு ஒரு பழுதுபார்க்கும் மேசை, மூடி கழற்றிய பழைய சர்வர்.)

வணக்கம். ரேம், ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு எல்லாம் மதுரைக் கடைகளிலேயே கிடைக்கும்போது வெளிநாட்டிலிருந்து எதற்கு வரவழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புதிய பொருள் என்றால் அந்தக் கேள்வி நியாயம். ஆனால் ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகளாக ஓடும் சர்வரில், பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர் கார்டு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் கார்டு சிம்மக்கல்லிலும் கிடைக்காது, சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்காமல் போகலாம். வேறு மாடலைச் செருகினால் டிஸ்குகளில் இருக்கும் கோப்புகளை அது படிக்காமல் போகும் ஆபத்து உண்டு. தேடிப் பார்த்தால் கலிபோர்னியாவிலோ ஜெர்மனியிலோ சீனாவின் ஷென்சென் நகரத்திலோ ஒருவரிடம் அந்தக் கார்டு இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும்.

விலையை ஒப்பிட நமக்குத் தெரியும். மாடல் எண்ணைச் சரிபார்க்கவும் தெரியும். ஆனால் பொருள் பழுதாக வந்துவிட்டால் அந்த விற்பனையாளர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பணம் போன பிறகுதான் நம்மில் பலர் தெரிந்துகொள்கிறோம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரே ஒரு மின்னஞ்சல் போதும்.

(திரையில்: மின்னஞ்சல் எழுதும் பக்கம். கேள்விகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

பணம் கட்டும் முன் விற்பவருக்கு எழுதுங்கள். எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினால் போதும். பொருள் வேலை செய்யாத நிலையில் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? மாற்றுப் பொருள் அனுப்பினால் அதற்கு இந்தியாவில் மறுபடியும் விழும் வரியை யார் ஏற்பது? தயாரிப்பாளரின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா, இல்லையென்றால் எந்த நாட்டு சர்வீஸ் மையத்துக்கு அனுப்ப வேண்டும்? பொருளின் சீரியல் எண்ணை இப்போதே தர முடியுமா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பெரிய ஹார்ட் டிஸ்க் நிறுவனங்களின் தளங்களில் சீரியல் எண்ணைக் கொடுத்தால் வாரண்டி நிலை தெரிந்துவிடும். கணினித் தயாரிப்பாளர்களுக்காக மொத்தமாகக் கொடுக்கப்பட்ட ஓ.இ.எம். டிஸ்குகள் சில்லறைச் சந்தைக்கு வரும்போது, டிஸ்க் நிறுவனத்தின் நேரடி வாரண்டி அவற்றுக்குப் பெரும்பாலும் இருக்காது. பெட்டியில் புதிது என்று எழுதியிருந்தாலும் நிலைமை இதுதான்.

பதில் வந்ததும் அதை எப்படிப் படிப்பது? எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை வைத்து எடை போடாதீர்கள். கலிபோர்னியா நேரம் நமக்குக் கோடையில் 12:30 மணி நேரமும் குளிர்காலத்தில் 13:30 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நாம் காலையில் எழுதும்போது அங்கே கடையை மூடியிருப்பார்கள். சீனா நம்மைவிட 2:30 மணி நேரம் முன்னால் இருந்தாலும், அவர்களின் புத்தாண்டு விடுமுறையில் பல நாட்கள் பதிலே வராது. பார்க்க வேண்டியது பதிலின் உள்ளடக்கத்தை. ‘உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி, கவலை வேண்டாம்’ என்று மட்டும் எழுதுகிறவரிடம் வாங்காதீர்கள். ‘30 நாட்களுக்குள் சொன்னால் திருப்பி அனுப்பும் செலவில் பாதியைத் தருகிறோம், உங்கள் நாட்டு வரி உங்கள் பொறுப்பு’ என்று ஒருவர் எழுதினால், அவருடைய விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் அவரிடம்தான் வாங்குவேன். முடியாது என்பதை முன்பே முடியாது என்று சொல்லும் விற்பனையாளர், முடியும் என்று சொன்னதையும் செய்வார். அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

(திரையில்: வெளிநாட்டுத் தளத்தின் முகவரிப் படிவம். ‘குடும்பப் பெயர்’ கட்டம் சிவப்பில் மின்னுகிறது.)

அடுத்தது பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களின் பார்சல்கள் இதனால் தேவையில்லாமல் தாமதமாகின்றன.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. சிலர் ஒற்றை எழுத்தைப் போடுகிறார்கள், தளம் அதையும் ஏற்காது. அதனால் அப்பா பெயரைப் போடுகிறார்கள், அல்லது தங்கள் பெயரையே இரண்டு முறை எழுதிவிடுகிறார்கள். பார்சல் இந்தியாவுக்கு வந்ததும் கூரியர் நிறுவனம் சுங்கத்துக்காக அடையாள ஆவணம் கேட்கிறது. ஆதாரில் ‘செ. முத்துக்குமார்’ என்று இருக்கிறது, பார்சலில் ‘முத்துக்குமார் முத்துக்குமார்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வரை பெட்டி கிடங்கிலேயே கிடக்கும்.

பான் அட்டையில் இனிஷியல் பெரும்பாலும் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். அப்படி இருந்தால் பான் அட்டையில் உள்ளபடியே படிவத்தை நிரப்பி, அதே அட்டையை ஆவணமாகக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் கூரியர் கேட்கும் ஆவணங்கள் வேறு, அதைத் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் அடைத்து எழுத வேண்டாம். 625 என்று தொடங்கும் பின்கோடும், 91 சேர்த்த கைபேசி எண்ணும் தெளிவாக இருந்தால் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்.

(திரையில்: ஒரு பார்சல். அதன் மேல் பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு என்று மூன்று சீட்டுகள்.)

வரி. சுங்க மதிப்பு என்பது பொருளின் விலை மட்டும் அல்ல; அனுப்பும் செலவும் காப்பீடும் அதில் சேரும். அதன் மேல் சுங்க வரி, பிறகு ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கு விழும் ஜி.எஸ்.டி. கணினிப் பாகங்களுக்குப் பொதுவாக ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

ஹார்ட் டிஸ்குக்கும் ரேமுக்கும் சுங்க வரியே கிடையாதே என்று சிலர் சொல்வார்கள். 1996இல் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருப்பதால், சுங்க வரிப் பட்டியலில் இவற்றுக்கு உரிய வழக்கமான தலைப்பில் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம் என்பது உண்மை. ஆனால் தனிநபரின் சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சல் 9804 என்ற தனித் தலைப்பில் மதிப்பிடப்படலாம். அங்கே விகிதம் வேறு, பட்ஜெட்டில் மாறவும் செய்கிறது. ஆர்டர் செய்யும் வாரத்தில் சுங்கத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே விற்பனையாளரின் குணத்தைக் காட்டும் இன்னொரு இடம் இருக்கிறது. ‘வரி வராமல் இருக்க அன்பளிப்பு என்று எழுதி அனுப்பட்டுமா?’ என்று சிலர் உதவி செய்வது போலக் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் பொருள் வருவதை மத்திய அரசு 2019 டிசம்பரில் தடை செய்துவிட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அதே அளவு கெடுதல். 200 டாலர் கார்டை 20 டாலர் என்று எழுதி அனுப்பி, அது வழியில் தொலைந்தால், இழப்பீடு 20 டாலரைத் தாண்டாது.

லேப்டாப்புக்குத் தனி விதி. 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லெட் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோதும், இணையத்தில் வாங்கி தபாலிலோ கூரியரிலோ வரும் ஒன்றே ஒன்றுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்கு கொடுத்தார்கள். வரி உண்டு. லேப்டாப் பேட்டரியைத் தனியாக வாங்குவதை முடிந்தவரை தவிருங்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் உலக அளவில் தடை இருக்கிறது.

ஐரோப்பாவில் வாங்கினால் இதையும் கேளுங்கள். ஏற்றுமதிப் பொருளுக்கு அந்த நாட்டு மதிப்புக்கூட்டு வரியை விற்பனையாளர் நம்மிடம் வசூலிக்கத் தேவையில்லை. ஜெர்மனியில் அது 19 சதவீதம். கழித்துக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் கேட்டால்தான் கழிப்பார்கள்.

(திரையில்: பதின்மூன்று கட்டங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது எண், இரண்டு எழுத்து.)

தபாலில் அனுப்பினால் பதின்மூன்று இடம் கொண்ட ஒரு கண்காணிப்பு எண் வரும். இது உலக அஞ்சல் ஒன்றியத்தின் வடிவம். முதல் எழுத்து ஆங்கில ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல், ‘ஈ’ என்றால் விரைவு அஞ்சல். ‘யூ’ என்று தொடங்கினால் வழியெங்கும் பதிவு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு.

பார்சல் காணவில்லை என்றால், அனுப்பிய நாட்டின் தபால் துறையில் விசாரணை மனு கொடுக்க வேண்டியவர் பெரும்பாலும் விற்பனையாளர்தான், ஏனென்றால் கட்டணம் கட்டி அனுப்பியவர் அவர். அதற்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. ‘உங்கள் ஊர் தபால் நிலையத்தில் கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லிக் கைகழுவும் விற்பனையாளரிடம் மனுவின் எண்ணைக் கேளுங்கள்.

(திரையில்: பெட்டியைப் பிரிக்கும் கைகள். கேமரா மேலிருந்து பார்க்கிறது.)

பெட்டி வந்ததும், பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஒட்டிய சீட்டு, நசுங்கிய மூலை, நிலைமின் தடுப்பு உறை, சீரியல் எண் எல்லாம் அதில் தெரியட்டும். பவர் சப்ளை என்றால் மின்சாரத்தில் செருகும் முன் பின்பக்கம் பாருங்கள். பழைய மாடல்களில் 115, 230 என்று ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. அந்த ஸ்விட்சை 115இல் வைத்தபடி இங்கே செருகினால் பவர் சப்ளை வெடித்துப்போகும், எந்த வாரண்டியும் அதை ஏற்காது.

பழுது என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். ஆர்டர் எண், சீரியல் எண், எந்த மதர்போர்டில் எப்படிச் சோதித்தீர்கள், திரையில் வந்த பிழைச் செய்தி, வீடியோவின் இணைப்பு, முன்பு அவர் எழுதிய பதில். இவ்வளவும் ஒரே மின்னஞ்சலில் இருந்தால் மறுமுனையில் இருப்பவர் நான்கு கேள்வி கேட்டு நான்கு நாளைக் கடத்த முடியாது.

திருப்பி அனுப்பும்போது ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. பழுதுபார்க்க அனுப்பிய அதே பொருள் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால், பழுதுபார்த்த செலவு, போய்வரும் போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றுக்கு மட்டும் வரி கட்டும் சலுகை சுங்க விதியில் உண்டு. அதே பொருள்தான் என்று காட்ட வேண்டும். ஏற்றுமதி ஆவணமும் சீரியல் எண்ணும் அதற்குத்தான். வேறு சீரியல் எண்ணில் மாற்றுப் பொருள் வந்தால் அது புதிய இறக்குமதி, முழு வரி விழும். இலவசமாக அனுப்பினோம் என்று விற்பவர் எழுதினாலும் சுங்கம் அதற்கு ஒரு மதிப்பைப் போடும். தொடக்கத்தில் நான் சொன்ன இரண்டாவது கேள்வி இதற்காகத்தான். விலை குறைந்த பாகம் என்றால், மாற்றுப் பொருளைவிடப் பணத்தைத் திரும்பக் கேட்பதே நமக்கு லாபம்.

(திரையில்: நாட்காட்டி. பணம் கட்டிய தேதி வட்டமிடப்பட்டிருக்கிறது.)

விற்பவர் பதிலே தராவிட்டால் முதலில் கார்டு கொடுத்த வங்கிக்குப் போங்கள். பணத்தைத் திரும்பப் பெறும் தகராறு மனுவுக்குக் கார்டு நிறுவனங்களின் விதிகளில் பெரும்பாலும் 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. பேபால் வழியாகக் கட்டியிருந்தால் 180 நாட்கள். ‘அடுத்த வாரம் அனுப்புகிறோம், அதற்கடுத்த வாரம் அனுப்புகிறோம்’ என்று இழுக்கும் விற்பனையாளர், தெரிந்தோ தெரியாமலோ இந்த நாட்களைத்தான் தின்றுகொண்டிருக்கிறார். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கார்டில் இயக்கியிருந்தால், வாங்கி முடித்ததும் வங்கிச் செயலியில் மறுபடி அணைத்துவிடுங்கள்.

இந்திய வாடிக்கையாளர்களைக் குறிவைத்துத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் பொருந்தும். குறைதீர்ப்பு அதிகாரி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால், விற்றவர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி விடுகிறது. மேலூரில் இருந்தாலும் உசிலம்பட்டியில் இருந்தாலும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டுகள். இந்தியாவில் அலுவலகமே இல்லாத தனி வியாபாரியிடம் அந்த ஆணையின்படி பணத்தை வசூலிப்பது கடினம். அதனால் அப்படிப்பட்டவரிடம் வாங்கினால் வங்கி மனுவை முதலில் கொடுங்கள், அதுவும் 120ஆவது நாள் வரை காத்திருக்காமல்.