காதால் பார்த்த படங்கள்

வணக்கம் நேயர்களே. சினிமாவில் ஒலியும் இசையும் எப்படிக் கதை சொல்கின்றன என்று கதைக்க வரச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரிய கஷ்டமாக எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எங்களில் பலர் படங்களை முதலில் காதால்தான் பார்த்தோம். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், இங்கே மின்சாரம் இருக்கவில்லை, பற்றரிக்கும் தடை இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். தமிழகத்து நிலையம் எடுபடுகிற நாட்களில் ஒலிச்சித்திரம் போகும், ஒரு முழுப் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கிப் போடுவார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் கதாநாயகனின் குரலும் அமுங்கிப் போகும். கதவு கிரீச்சிட்டதும் அம்மம்மா "அந்தா, வந்திட்டான்" என்பார். யார் வந்தது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்தின காட்சியிலும் அதே செருப்புச் சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

கமரா தனக்கு முன்னால் இருப்பதைத்தான் காட்டும். பக்கத்து வீடு, ஒழுங்கை, கோயில், பொழுது, இதெல்லாம் காது வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு குசினியை மட்டும் காட்டுங்கள், அம்மா தேத்தண்ணி ஆற்றுகிறார். தூரத்தில் பாண் விற்கிற ஓட்டோ அந்தப் பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிற சத்தத்தைச் சேருங்கள். எந்த நாடு, என்ன நேரம், ஊர் அமைதியாக இருக்கிறதா என்பது வரை சொல்லியாயிற்று, ஒரு வசனமும் இல்லாமல்.

திரையில் கேட்கிற காலடி, புடவைச் சரசரப்பு, கோப்பையை வைக்கிற சத்தம் எல்லாம் பெரும்பாலும் பிறகு ஒரு அறைக்குள் இருந்து, படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யப்படுகிறவை. யூனிவர்சல் ஸ்ரூடியோவில் இந்த வேலை செய்த ஜாக் ஃபோலியின் பெயரால் அதை ஃபோலி என்றே சொல்கிறார்கள். செலோபேன் தாளைக் கசக்கினால் நெருப்பு எரிகிற சத்தம் வரும். நான் காய்ந்த காவோலையை நசுக்குகிறேன், எங்கள் ஊர் நெருப்புக்கு அதுதான் சரியாக இருக்கிறது.

சரி, இசைக்கு வருவோம். பின்னணி இசை என்றதும் எங்கள் வாயில் முதலில் வருவது இளையராஜாவின் பெயர், எனக்கும்தான். ஆனால் இசையை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்று நான் அதிகம் படித்தது பின்னணி இசையே போடாத ஒரு படத்தில், இயக்குநர் ஹிட்ச்கொக் 1963 இல் தந்த 'த பேர்ட்ஸ்'. அதற்கான பறவைச் சத்தங்களை ஒஸ்கார் சாலா என்பவர் ட்ரவுட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உண்டாக்கினார். அதில் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்து சிகரெட் பிடிக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள், சுற்றிச் சுற்றி அதே மெட்டு. அவளுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பியில் ஒரு காகம், பிறகு இன்னும் சில, பிறகு கம்பியெல்லாம் காகம். பிள்ளைகளின் பாட்டு மாறவேயில்லை. பாட்டு முடிந்தால் அவர்கள் வெளியே வருவார்களே, முடியக்கூடாதே என்று மனம் கிடந்து அடிக்கும். அந்த இடத்தில் பயங்காட்டுகிற வயலின் போட்டிருந்தால் நாங்கள் முதலே ஆயத்தமாகியிருப்போம்.

எங்கள் போர்க்காலத்தைச் சொல்கிற குறும்படங்களில் எனக்கு மனம் நோகிற இடம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் எடுத்த வெடிச்சத்தம், தூரத்து வெளிச்சத்தோடு ஒன்றாக வெடிக்கும். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும், ஒரு கிலோமீற்றர் தள்ளி விழுந்தது காதுக்கு வரக் கிட்டத்தட்ட 3 செக்கன் ஆகும். சத்தத்துக்கும் தூரத்துக்கும் உள்ள கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படிக்க முதலே நாங்கள் தெரிந்து வைத்திருந்தோம். தூரத்தில் செல், அதாவது எறிகணை, ஏவுகிற சத்தம் கேட்கும், எண்ணுவோம், பங்கருக்குள் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள், பிறகுதான் விழும். முழுப் பயமும் அந்த எண்ணிக்கைக்குள்தான் இருந்தது. தயவுசெய்து அதை வெட்டி எறியாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குறும்படத்துக்கு ஒலி செய்தேன். மகனுக்காகக் காத்திருக்கிற தாய், இரவு, முற்றம். இயக்கிய தம்பி சோகமான புல்லாங்குழல் ஒன்று கொண்டுவந்தார், அருமையான வாசிப்பு. ஆனால் அதைப் போட்டதும் அந்த அம்மா காத்திருக்கிறவராகத் தெரியவில்லை, எல்லாம் தெரிந்து அழுகிறவராகத் தெரிந்தார், மகன் வரமாட்டான் என்பதை இசை முதலே சொல்லிப்போட்டது. ஒரு இரவு முழுக்க இருவரும் வாக்குவாதப்பட்டோம். கடைசியில் குழலை எடுத்துவிட்டு, தூரத்தில் நாய் குரைப்பு, ஒழுங்கையில் ஒரு சைக்கிள், அது படலைக்குக் கிட்ட வந்து மெதுவாகி, நிற்காமல் போவது, இவ்வளவையும் மட்டும் வைத்தோம். திரையிட்ட அன்று சைக்கிள் மெதுவானபோது முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கதிரையை விட்டுப் பாதி எழும்பிவிட்டார். இப்போதும் நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

படம் எடுக்கிற தம்பி தங்கைகளே, காட்சி முடிந்ததும் சாமான்களைக் கட்ட ஓடாதீர்கள். எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள், வசனங்களை வெட்டி ஒட்டுகிறபோது நடுவில் விழுகிற ஓட்டையை அதுதான் மூடும். ஃபோனில் பதிந்தாலும் பரவாயில்லை, ஊர்ச் சத்தங்கள் அழிந்துகொண்டு போகின்றன. துலாக் கிணறுகள் போய் எங்கும் மோட்டார் வந்துவிட்டது, துலா சாய்கிற சத்தம் ஒன்றுக்காகப் போன வருடம் எத்தனை வளவுகளுக்கு ஏறி இறங்கினேன் தெரியுமா.

எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் அரை நிமிடம் இருக்கிறது, அதில் நான் கதைக்கப் போவதில்லை. பனம்பழக் காலத்தில் ஒரு விடியப்புறம் எங்கள் வளவில் பதிந்ததை இப்போது போடுவார்கள். முதலில் காற்றும் ஓலையும்தான் கேட்கும், கொஞ்சம் பொறுத்திருங்கள், ஒரு பழம் விழும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.