மான் வேட்டையும் வழிகாட்டி நாய்க்குட்டியும் ஒரே வீட்டில்: ஒரு நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முழுதாகப் படித்துவிடுகிறேன்.

"அண்ணா, நானும் மிச்சிகனில்தான் இருக்கிறேன். எனக்கு மான் வேட்டைக்குப் போக ஆசை. என் மனைவிக்கு, பார்வை இல்லாதவர்களுக்கு உதவும் வழிகாட்டி நாய்க்குட்டி ஒன்றை வீட்டில் வளர்த்துக் கொடுக்க ஆசை. மூன்று வயதில் பையன் இருக்கிறான். நீங்கள் இரண்டையும் செய்கிறீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார்களா? இன்னொன்று, தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு மிருகத்தை மடியில் போட்டு வளர்த்துவிட்டு இன்னொன்றைச் சுடுவது உறுத்தவில்லையா?"

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது தம்பி. கடைசிக் கேள்வியை எங்கள் அம்மா எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன். அண்ணி சொல்வார்களா என்றால், சொல்வாள். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அதனால் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் சமாளிப்பு என்று ஒன்று நடப்பதில்லை. இங்கே துப்பாக்கி சீசன் நவம்பர் 15-லிருந்து 30 வரை. எந்தக் கிழமையில் வந்தாலும் 15-ஆம் தேதிதான் திறப்பு. வடக்கே பல ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. அந்தப் பதினாறு நாளும் வேட்டை, வீடு, நாய் மூன்றும் சேர்ந்து ஆளைக் கேட்கும். இரண்டு மாதக் குட்டியிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளிடமும் முடியாது. மிச்சம் இருப்பது வேட்டைதான், அதைத்தான் நான் வெட்டினேன். ஆரம்பத்தில் நண்பர்களோடு வடக்கே போய் ஒரு வாரம் கேபினில் தங்குவேன். இப்போது வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் ஒரு விவசாயியின் நிலம், மொத்தம் நான்கு காலை. அவ்வளவுதான்.

அந்த நான்கு காலையும் சும்மா கிடைத்துவிடவில்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்துதான் சுடலாம் என்பது சட்டம். நவம்பர் நடுவில் எங்கள் பக்கம் ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால்தான் விடியும். இருட்டிலேயே சத்தம் இல்லாமல் பரணில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். நம் ஊரில் தினைப்புனத்துக்குப் பரண் கட்டுவார்களே, அதே சங்கதிதான், இங்கே இரும்பு. அப்படியானால் ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். நாயை வெளியே கூட்டிப்போவது, பிள்ளைகளை எழுப்புவது, டப்பா கட்டுவது, பஸ் ஏற்றுவது எல்லாம் உங்கள் அண்ணி தலையில். இதற்கு ஈடாக டிசம்பர் மாதம் முழுக்கக் காலை வேலை என்னுடையது. இது பேச்சுவார்த்தை நடத்திப் போட்ட ஒப்பந்தம், பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.

நாயைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். டெட்ராய்ட்டுக்கு வடக்கே ராச்செஸ்டர் ஹில்ஸில் லீடர் டாக்ஸ் என்ற பள்ளி இருக்கிறது. 1939-ல் லயன்ஸ் கிளப்காரர்கள் தொடங்கியது. பார்வை இல்லாதவர்களுக்கு நாயை இலவசமாகவே கொடுக்கிறார்கள். இதுபோன்ற பள்ளிகளில் குட்டி ஏழெட்டு வார வயதில் வளர்ப்பவர் வீட்டுக்கு வரும். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, இல்லாவிட்டால் இவற்றின் கலப்பு. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே நம்மிடம் இருக்கும். அப்புறம் பள்ளிக்குத் திரும்பிப் போய், சேணம் போட்டு வழிகாட்டும் வேலையைப் படிக்கும். அந்தப் பாடம் நம் வேலை இல்லை. வீட்டில் அசுத்தம் செய்யாமல் இருப்பது, கயிற்றை இழுக்காமல் நடப்பது, கடை, பஸ், படிக்கட்டு, கூட்டம் எதற்கும் பயப்படாமல் இருப்பது, கீழே கிடக்கும் தோசையைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவது, இவைதான் நாம் கற்றுக்கொடுப்பது. தோசை விஷயத்தில் நாயைவிட எங்கள் மகனுக்குத்தான் அதிகப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. நாய்க்குட்டி மேஜைக்கு அடியில் இருந்தால் அவனுக்குக் கை தானாகக் கீழே போகும்.

இதில் நாங்கள் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். முதல் குட்டி மார்ச்சில் வந்தது. நவம்பர் வரும்போது அதற்குப் பத்து மாதம், ராத்திரி முழுக்கத் தூங்கும், சொன்ன பேச்சுக் கேட்கும். சீசன் சுகமாகப் போனது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது குட்டியை அக்டோபர் கடைசியில் வாங்கினோம். எட்டு வாரக் குட்டி. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி இரண்டு தடவை வெளியே எடுத்துப்போக வேண்டும், அதுவும் மிச்சிகன் குளிரில். "பார்க்" என்று ஒரு சொல்லைச் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டால் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகப் பழக்க வேண்டும். நாளைக்கு அதை வைத்திருப்பவருக்குக் கண் தெரியாது இல்லையா, நேரமும் இடமும் அவர் கையில் இருந்தாக வேண்டும். நான் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ராத்திரி மூன்று மணிக்குப் புல்தரையில் நின்று "பார்க், பார்க்" என்று ஜபம் பண்ணிக்கொண்டிருப்பேன். அது ஒரு காய்ந்த இலையை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும். அந்த வருடம் பரணில் ஏறிய ஒரே நாளில் நான் தூங்கிவிட்டேன். பாதுகாப்புப் பெல்ட் கட்டியிருந்தேன், பிழைத்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

அதனால் தம்பி, குட்டியைக் கேட்டு எழுதும்போது பிப்ரவரி, மார்ச் என்று கேளுங்கள். மறு வருடம் அது திரும்பிப் போகும் மாதம் எது என்பதையும் அப்போதே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், "நாயையும் வேட்டைக்குக் கூட்டிப்போவீர்களா, லேப்ரடார் வேட்டை நாய்தானே" என்று பலர் கேட்கிறார்கள். லேப்ரடார் சுட்ட வாத்தை எடுத்து வருவதற்குப் பழகிய இனம்தான். ஆனால் மிச்சிகனில் நாயை விட்டு மானைத் துரத்துவது சட்டவிரோதம். அடிபட்ட மானின் தடத்தைக் கயிற்றில் கட்டிய நாயை வைத்துத் தேடலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வழிகாட்டி நாய்க்குட்டிக்கு அந்த வேலையே கூடாது. வாசனை பிடித்துக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்ட நாய், நாளைக்கு ஒரு அம்மாவைச் சாலை கடக்க வைக்கும்போது எதிரே அணில் ஓடினால் என்ன செய்யும்?

சத்தமும் அப்படித்தான். வேட்டைத் துப்பாக்கியின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். சின்ன வயதில் ஒரு தடவை மிரண்டுவிட்டால் அதை மறக்கடிப்பது லேசில்லை. சத்தத்துக்கு நடுங்கும் நாயை நம்பி யாரும் தெருவில் இறங்க முடியாது. துப்பாக்கியைச் சரிபார்க்கச் சுடும் பயிற்சிக்குப் போகும்போது குட்டி காரில்கூட இருக்காது. வேட்டை முகாமுக்கும் கொண்டுபோனதில்லை. கட்டாத நாய்கள், எலும்புத் துண்டு, பீர், ராத்திரி வாணம், அங்கே எல்லாமே அதற்கு ஆகாதது. நாங்கள் குடும்பத்தோடு வெளியூர் போனால், இதேபோல் குட்டி வளர்க்கும் இன்னொரு குடும்பம் பார்த்துக்கொள்ளும். அவர்கள் கிறிஸ்துமஸுக்குப் போகும்போது அந்தக் குட்டி எங்களிடம். இப்படி ஒரு வீட்டை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கராஜ் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் மானை உரித்து, கராஜில் கறி போட்டுக்கொண்டிருந்தேன். முன்னங்கால் இரண்டை வாளியில் போட்டுவிட்டுக் கத்தியைக் கழுவ உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்தால் வாளியில் ஒரு கால்தான் இருக்கிறது. குட்டி சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முடியோடு சேர்த்து மென்றுகொண்டிருக்கிறது. குளம்பைக் காணோம். அன்றைய ராத்திரி அவசர மருத்துவமனையில், எக்ஸ்ரேயில் ஒரு நிழலைப் பார்த்தபடி கழிந்தது. நல்லவேளை, வாந்தியில் வெளியே வந்துவிட்டது. மறுநாள் காலை பள்ளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல வேண்டியது யார் என்பதில் எங்கள் இருவருக்கும் சண்டை. நான்தான் சொன்னேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் மான் உரிப்பது கிடையாது. கறி போட்டுக் கொடுக்கும் கடையில் விட்டுவிடுகிறேன். காசு போகிறது, போகட்டும். இன்னொன்று, வேட்டையிலிருந்து வந்ததும் உடுப்பை வாசலிலேயே கழற்றி உண்ணி பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி நவம்பரிலும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். நாய்க்கும் வரும், பையனுக்கும் வரும்.

துப்பாக்கி எப்போதும் இரும்புப் பெட்டியில், பூட்டில். 2024 பிப்ரவரியிலிருந்து, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்று இங்கே சட்டமே வந்துவிட்டது. 1960 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று காட்டினால்தான் வேட்டை உரிமம். பிடிக்குமா என்று தெரியாமல் அதில் இறங்க வேண்டாம் என்றால் அப்ரென்டிஸ் உரிமம் எடுங்கள். 21 வயது முடிந்த, உரிமம் உள்ள ஒருவர் கூட வர வேண்டும். இரண்டு சீசன் வரை அப்படிப் போகலாம்.

பண்டிகைக் கணக்கு வேறு இருக்கிறது. 2020-ல் தீபாவளி நவம்பர் 14, மறுநாள் சீசன் திறப்பு, அன்றைக்கே கந்த சஷ்டி விரதம் தொடக்கம். உங்கள் அண்ணி ஆறு நாளும் விரதம் இருப்பவள். நான் மூன்றாம் நாள் மானோடு வருகிறேன். சூரசம்ஹாரம் முடியும்வரை அந்தக் கறி நண்பன் வீட்டு ப்ரீசரில் விருந்தாளியாக இருந்தது. அப்போது அம்மா போனில் சொன்னார், "வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள்டா. அவள் புருஷனுக்கு வீட்டில் விரதம், நீ மானைச் சுட்டுக்கொண்டு வருகிறாய்." வள்ளியை எடுத்து வளர்த்தது வேடன்தானே அம்மா என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அந்த உறுத்தல் கேள்விக்கு வருகிறேன். வழக்கமாக எல்லோரும் சொல்லும் பதிலை நானும் சொல்ல முடியும். இந்த மாநிலத்தில் ஏறக்குறைய 20 லட்சம் வெள்ளைவால் மான்கள். நாங்கள் இருக்கும் தெற்குத் தீபகற்பத்தில் ஓநாய்க் கூட்டம் ஒழிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. வருடத்துக்கு 50,000-க்கும் மேல் கார்கள் மானில் மோதுகின்றன, அதில் ஒன்று என்னுடையது. கூட்டம் நெருங்கினால் நோய். மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் 2015-ல் இங்கே காட்டு மானில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய் உள்ள பகுதியில் சுட்டால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் நாங்கள் சமைப்போம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நாம் கட்டும் கூட்டாட்சி வரி, 1937-ல் வந்த ஒரு சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. எல்லாம் உண்மை. ஆனால் நான் விடியற்காலையில் எழுந்து போவது இந்தப் புள்ளிவிவரத்துக்காக இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இருட்டு கலைந்து ஒவ்வொரு மரமாகத் தெரிய ஆரம்பிக்கும் அந்த அரை மணி நேரம் பிடித்திருக்கிறது. சுட்ட பிறகு கிட்டே போய், கண் இன்னும் ஈரமாக இருக்கும் மானைத் தொடும்போது உறுத்துகிறது தம்பி. எட்டு வருடமாக உறுத்துகிறது. உறுத்தல் நின்றால் போவதை நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். கறியில் ஒரு துண்டும் வீணாகாது. மிளகு வறுவல், மிச்சத்தில் உப்புக்கண்டம். கொழுப்பே இல்லாத கறி, அவசரப்பட்டால் ரப்பராகிவிடும்.

இன்னொரு வார்த்தை, இது ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு. இதைப் பார்த்துவிட்டு அங்கே யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம், ஜெயில்தான். அப்படி இருப்பதுதான் அங்கே சரி.

பிள்ளைகளுக்கு இதில் எது கஷ்டம் என்று கேட்டால், மான் இல்லை. மகள் பாதுகாப்பு வகுப்பு முடித்தாள், ஒரு நாள் கூட வந்து உட்கார்ந்தாள், எனக்குச் சுட வேண்டாம் அப்பா என்றாள். சரி என்றேன், அத்தோடு முடிந்தது. நாயைத் திருப்பிக் கொடுத்த நாள்தான் வீட்டில் எழவு விழுந்ததுபோல் இருந்தது. மகன் அதன் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவ விடவில்லை, ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தான். உங்கள் பையனுக்கு அப்போது நான்கு வயது ஆகியிருக்கும், புரியும் வயது. குட்டி வந்த முதல் நாளிலிருந்தே "இது இன்னொருவருக்காக நாம் வளர்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். சொன்னாலும் அழுவான்.

அக்டோபரில் வாங்கினோம் என்றேனே, அந்தக் குட்டி பள்ளியில் தேறவில்லை. அணிலைக் கண்டால் பாடம் எல்லாம் மறந்துபோகிறதாம். இப்படித் திரும்பும் நாயை வளர்த்தவர்களுக்கே முதலில் தருவார்கள். கராஜில் பிடித்த மான் வாசனையால்தான் கெட்டதோ என்று பயிற்சியாளரிடம் கேட்டேன், அப்படியெல்லாம் இல்லை, சிலது பிறவியிலேயே அப்படித்தான் என்றார். எனக்கு இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. இதோ, கேமராவில் தெரியாது, என் காலடியில்தான் படுத்திருக்கிறது. கால்தான் மரத்துப்போய்விட்டது.

அடுத்த கேள்வி, உப்புக்கண்டத்துக்கு எவ்வளவு மஞ்சள் போட வேண்டும் என்று. அதை உங்கள் அண்ணியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்.