மூன்றாவது வரிசை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மூத்தவர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஆயர்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் விழா மலர்களில் நிறையவே எழுதியாயிற்று. எந்த மலரிலும் பெயர் வராத ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறேன். அவர் என் அம்மம்மா. மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் திறந்தது 1924இல். அதற்கு அடுத்த வருடம் புளியந்தீவில் பிறந்தவர். அங்கேயே கலியாணம் முடித்து, ஏழு பிள்ளைகளைப் பெற்று, 2017இல் அங்கேயே கண்ணை மூடினார். அப்பப்போ திருக்கோணமலைக்கும் கொழும்புக்கும் போய் வந்ததைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை.

படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அவர் வளர்ந்த காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை லத்தீனில் நடக்கும். சுவாமி, அதாவது குருவானவர், பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சனத்துக்கு ஒன்றும் விளங்காது. அதனால் பெண்கள் முக்காட்டோடு முழந்தாளில் இருந்து, பூசை முடியும்வரை ஜெபமாலை உருட்டுவார்கள். 1960களில் ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. சுவாமி எங்கள் பக்கம் திரும்பினார். அம்மம்மாவுக்கு அது பெரிய சந்தோசம். ஆனாலும் ஜெபமாலையை விடவில்லை. பூசை சுவாமிமாருடையது, ஐம்பத்து மூன்று மணிச் செபம் வீட்டுடையது என்பது அவருடைய எண்ணம். அதை எப்படி முடிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முடிக்கும் விதத்தைத்தான் சொல்ல வந்தேன். பின்னேரம் ஆறரைக்கு விளக்கு வைத்து, பாய் விரித்து, எல்லாரும் இருந்தாக வேண்டும். பிரார்த்தனை சொல்லி முடிந்ததும் எழும்ப ஏலாது. அதற்குப் பிறகு அம்மம்மாவின் பெயர் வரிசை தொடங்கும். முதலில் உயிரோடு இருப்பவர்கள். பிள்ளைகள், மருமக்கள், சோதனை எழுதுகிறவர், பிள்ளை வயிற்றில் இருக்கிறவர், அக்கரைப்பற்றில் மாற்றலாகிப் போயிருக்கிற மச்சான், ஒவ்வொருவருக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே'. அடுத்தது செத்தவர்கள். அவர்களுக்கு 'நித்திய இளைப்பாற்றி'. சின்னப் பிள்ளைகளாகிய நாங்கள் கால் மரத்துப்போய், இன்னும் எத்தனை பேர் என்று ஒருவரை ஒருவர் பார்ப்போம்.

அந்த வரிசையை நான் இப்போது நினைத்துப் பார்த்தால் மட்டக்களப்பின் சரித்திரம் முழுக்க அதற்குள் இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் செத்த சின்னம்மா ஒருவர் அதில் இருந்தார். வீட்டுக்கு வீடு சீத்தைத் துணி கொண்டுவந்து விற்ற காத்தான்குடி நானா ஒருவர் இருந்தார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்களே, அன்றைக்குப் போனவர். அவர் மார்க்கம் வேறு என்று அம்மம்மாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருநாள் ஞாயிறு. அன்றைக்கு டச்பாரில் கடல் கொண்டுபோன, போர்த்துக்கேய, ஒல்லாந்த வழி வந்த பறங்கிக் குடும்பங்களில் அவருக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். நத்தாருக்கு வீட்டுக்கு கேக் அனுப்பியவர்கள். அந்த வருடம் வரிசை அரை மணித்தியாலம் நீண்டது. யாரும் முணுமுணுக்கவில்லை.

உயிரோடு இருப்பவர், செத்தவர் என்ற இரண்டு வரிசைக்கும் அடங்காத ஒருவர் எங்கள் வீட்டில் உண்டு. என் மூத்த மாமா.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. அந்த ஆகஸ்டும் செப்டம்பரும் மட்டக்களப்பில் எப்படி இருந்தன என்று இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதியாக இருந்தவர்களைப் பிரித்துக் கொண்டுபோனது செப்டம்பர் 5ஆம் திகதி. மாமா அதற்கு முன்பே, சைக்கிளில் அரிசி எடுக்கப் போன இடத்தில் காணாமல் போனார். அதே ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் அவரோடு வந்த இளைஞனும் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைக் குருவானவர். மைக்கல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். மாமாவுக்கும் அவர்தான் பழக்கினார்.

காணாமல் போனவர்களை எந்த வரிசையில் சொல்வது? முதல் சில நாட்கள் அம்மம்மா மாமாவை உயிரோடு இருப்பவர்களுடன் சொன்னார். பிறகு ஒரு பின்னேரம், இரண்டு வரிசையும் முடிந்ததும், சுவரில் இருந்த அந்தோனியார் படத்தின் பக்கம் திரும்பி இருந்தார். தொலைந்த திறப்புக்கும் தொலைந்த கோழிக்கும் நாங்கள் அந்தோனியாரைக் கூப்பிடுவது வழக்கம்தானே. அவரிடம் மகனின் பெயரையும் ஹீபர்ட் சுவாமியின் பெயரையும் அந்த இளைஞனின் பெயரையும் சொன்னார். அன்று தொடங்கியது மூன்றாவது வரிசை. 'அருள் நிறைந்த மரியே' சொல்வதில்லை, 'இளைப்பாற்றி'யும் சொல்வதில்லை. "அந்தோனியாரே, தேடித் தாரும்" என்ற ஒரு சொல் மட்டும்.

ஒருமுறை கிராம சேவகர் வீட்டுக்கு வந்து, மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈட்டுக்கு எழுதலாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எண்ட புள்ள செத்தத ஆரு கண்ட?" அவர் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தார்.

ஆனால் மாமியின் நிலைமை வேறு. காணி உறுதி மாமாவின் பெயரில் இருந்தது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 2010இல் வந்த தற்காலிகச் சட்டத்தின்கீழ், ஒரு வருடத்துக்கு மேலாகக் காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய முடிந்தது. மாமி பதிந்தார். குடும்பத்தில் சிலர் மாமியைக் குறை சொன்னார்கள். எனக்கு அது அன்றும் நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை. இருபது வருடம் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவருக்கு ஒரு கடுதாசி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அம்மம்மாவும் ஒரு சொல் சொல்லவில்லை. மாமி சான்றிதழோடு வந்த அன்று அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். ஆறரைக்கு மாமியும் பாயில் இருந்தார். மாமாவின் பெயர் அந்தோனியார் பக்கம்தான் வந்தது. மாமியும் "தேடித் தாரும்" என்றார்.

2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். செத்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் வந்தது. அதை வைத்தும் காணி, வங்கி வேலைகளைப் பார்க்கலாம். பத்திரிகையில் அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும் என்று சட்டத்துக்கு விளங்க இத்தனை வருடம் எடுத்தது. ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் 1990ஆம் ஆண்டே அந்த இடத்தைத் தன் வீட்டுச் சுவரோரம் உண்டாக்கி வைத்திருந்தார். அதை அவரிடம் போய் வாசித்துக் காட்டினேன். காது அவ்வளவாகக் கேட்காது, இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. "அப்ப மருமகளிட்டச் சொல்லு" என்றார்.

அடுத்த வருடம் அம்மம்மா போய்விட்டார். இப்போது அவருடைய பெயர் இரண்டாவது வரிசையில் வருகிறது, சொல்வது என் அம்மா. நவம்பர் மாதம் வந்தால் கோயிலில் கடித உறை தருவார்கள், குடும்பத்தில் செத்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் மாதம் முழுக்க பூசையில் நினைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த உறையை வைத்துக்கொண்டு வீட்டில் பேச்சு வரும். மாமா இருந்தால் இப்போது எழுபதை நெருங்கியிருப்பார், இனியாவது எழுதுவோம் என்று சின்ன மாமா சொல்கிறார். அவர் சொல்வதிலும் அன்பு இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்து, அம்மம்மாவின் பெயர்வரை எழுதி உறையை ஒட்டிவிடுவார். போன வருடம் உறையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் மாமாவின் பெயரை எழுதவில்லை.

நன்றி, வணக்கம்.