பெட்டியில ஓடுற டிஸ்க், கம்ப்யூட்டர்ல ஏன் சுத்தல?

வணக்கம். நெறைய கேள்வி வந்திருக்கு, ஆனா இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கப் போறேன். ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்த கேள்வி. வாசிக்கிறேன்.

"சார், என் டெஸ்க்டாப் 2010-ல வாங்கினது, விண்டோஸ் 7. உள்ள இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் அடிக்கடி தகராறு பண்ணுச்சு. அதனால யூஎஸ்பி-ல மாட்டி வச்சிருந்த 8 டிபி டிரைவோட பெட்டியைப் பிரிச்சு, அந்த டிஸ்க்கை உள்ள மாட்டினேன். சுத்தவே இல்ல, ஒரு சத்தமும் இல்ல. திரும்பப் பெட்டியிலேயே போட்டா நல்லா ஓடுது. பழைய கம்ப்யூட்டருக்கு இது சேராதா?"

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? "திரும்பப் பெட்டியிலேயே போட்டா ஓடுது"ங்கிற வரி. நம்ம பேச்சைத் தொடர்ந்து கேக்கறவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான்: டிஸ்க்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, எந்தப் படியில நிக்குதுன்னு பாருங்க. சுத்துதா, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அமைப்பு) பேர் வருதா, விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்ல தெரியுதா. மூணும் வேற வேற படி. நீங்க முதல் படியிலேயே நிக்கறீங்க. சுத்தல. அப்போ டிரைவர், விண்டோஸ் எதையும் தொட வேண்டாம். கரண்ட் சமாச்சாரம் மட்டும் பாருங்க.

டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கற சாட்டா பவர் கனெக்டர்ல 15 பின் இருக்கு. முதல் மூணும் 3.3 வோல்ட்டுக்குன்னு ஒதுக்கினது. சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு 5-ம் 12-ம் போதும், அந்த 3.3 சும்மாவே கிடந்துச்சு. 2016-ல வந்த சாட்டா விதிமுறையோட 3.3-ம் பதிப்புல, மூணாவது பின்னுக்கு வேற வேலை கொடுத்துட்டாங்க. அந்தப் பின்ல வோல்ட்டேஜ் வந்தா "நீ அணைஞ்சே இரு"ன்னு டிஸ்க்குக்கு அர்த்தம். நூத்துக்கணக்குல டிஸ்க் வச்சிருக்கிற சர்வர்கள்ல, தொங்கிப்போன ஒண்ணைக் கழட்டாமலே அணைச்சுப் போட அது வசதி. உங்க எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) பழசு, ஆரஞ்சு வயர் வழியா அங்க 3.3 வோல்ட்டைக் கொடுத்துட்டே இருக்கு. டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டு அணைஞ்சு கிடக்கு. யூஎஸ்பி பெட்டி அந்தப் பின்னுக்கு ஒண்ணும் அனுப்பறதில்ல, அதான் அங்க ஓடுது. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள்லயும், இப்படிப் பெட்டியைப் பிரிச்சு எடுத்ததுலயும்தான் இதை அதிகமாப் பார்க்கலாம்.

வழி ரெண்டு. டேட்டா கேபிள் மாட்டுற பக்கத்துல இருந்து எண்ணி, மூணாவது பின் மேல காப்டன் டேப்பை (கரண்ட் கடத்தாத, சூடு தாங்கற டேப்) மெல்லிசா வெட்டி ஒட்டலாம். இல்லேன்னா எஸ்எம்பிஎஸ்ல இருக்கிற பழைய நாலு பின் கனெக்டரான மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு மாத்துற வயர் போடலாம். மோலெக்ஸ்ல மஞ்சள், சிவப்பு, ரெண்டு கறுப்பு, அவ்வளவுதான். ஆரஞ்சே கிடையாது. ஆனா அந்த வயரோட முனை, பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தி ஒரே கட்டியாச் செஞ்ச மாதிரி இருந்தா வாங்காதீங்க. உள்ள வயர் நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு பட்டு எரிஞ்சு போனது நிறைய நடந்திருக்கு.

சரி, சுத்த ஆரம்பிச்சிடுச்சு, பயாஸ்லயும் பேர் வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. இப்பத்தான் நான் பயப்படற இடம் வருது. விண்டோஸ் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, "டிஸ்க்கை இனிஷியலைஸ் பண்ணட்டுமா"ன்னு, அதாவது புது டிஸ்க் மாதிரி முதல்ல இருந்து அமைக்கட்டுமான்னு கேக்கலாம். உள்ள உங்க ஃபைல் இருந்தா ஓகே கொடுத்துடாதீங்க! சில யூஎஸ்பி பெட்டிகள் செக்டர் (டிஸ்க் தகவலைப் பிரிச்சு வைக்கிற சின்னத் துண்டு) அளவை 4096 பைட்டுன்னு மாத்திக் காட்டும். நேரா மாட்டினா அதே டிஸ்க் 512-ன்னு சொல்லும். அப்போ பார்ட்டிஷன் கணக்கு தப்பிப்போய், காலி டிஸ்க் மாதிரி தெரியும். சில பெட்டி ஃபைலை என்கிரிப்ட் பண்ணியே எழுதும். ரெண்டுலயும் உங்க ஃபைல் பத்திரமாத்தான் இருக்கு. பெட்டியிலேயே திரும்பப் போட்டு, எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி எடுத்துட்டு, அப்புறம் வாங்க.

புதுசா அமைக்கும்போது, பார்ட்டிஷன் கணக்கு எழுதற முறையில ஜிபிடி எடுங்க. பழைய முறையான எம்பிஆர்ல செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான், 512 பைட் செக்டர்ல அது 2 டிபி-யோட நின்னுடும், மிச்ச 6 டிபி வீண். விண்டோஸ் 7 ஜிபிடி டிஸ்க்கை நல்லாப் படிக்கும், ஆனா அதுல இருந்து பூட் ஆகணும்னா யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்த புது அமைப்பு) வேணும். 2010 மெஷின்ல பெரும்பாலும் அது இருக்காது. அதனால விண்டோஸுக்கு ஒரு சின்ன டிஸ்க் தனியா இருக்கட்டும். 8 டிபி-ன்னு வாங்கினது 7.27-ன்னு காட்டும், அது கணக்கு முறை வித்தியாசம், பயப்பட வேண்டாம்.

ஆனா நான் உங்ககிட்ட கேக்க நெனச்சது வேற. அந்த 500 ஜிபி டிஸ்க் நிஜமாவே போயிடுச்சா? "தகராறு பண்ணுச்சு"ன்னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க. ரொம்ப நாள் முன்னாடி என் டிஸ்க் ஒண்ணு இப்படித்தான். காப்பி பண்ணும்போது பாதியில உறைஞ்சு நிக்கும். செத்துப்போச்சுன்னு முடிவு கட்டி, புதுசு வாங்கி மாட்டினேன். புதுசும் அதே மாதிரி உறைஞ்சுது. அப்பத்தான் ஸ்மார்ட் அட்டவணையை (டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிற பட்டியல்) திறந்து பார்த்தேன். 199-ம் நம்பர் வரி மட்டும் ஏறிட்டே போகுது. அது சிஆர்சி பிழை, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல வழியில கெட்டுப்போற தகவலோட எண்ணிக்கை. டேட்டா கேபிளை மாத்தினேன், ஏறுறது நின்னுடுச்சு. பழைய டிஸ்க்கும் அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஓடுச்சு. எந்தப் படின்னு பார்க்காம டிஸ்க்கைக் குறை சொன்னது நானும்தான்.

அதனால அந்த 500 ஜிபி-யை மாட்டி, ஸ்மார்ட் அட்டவணையில 5, 197, 199 மூணு வரியோட கடைசி எண்ணையும் எழுதி அனுப்புங்க. 5-ம் 197-ம் ஏறியிருந்தா தட்டுலயே பழுது, உடனே காப்பி எடுத்துடுங்க. 199 மட்டும்தான்னா கேபிளை மாத்திட்டு ஒரு வாரம் ஓட விட்டுப் பாருங்க. அதுவரைக்கும் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுத்துடாதீங்க.