திறக்கப்படாத வாக்குப்பெட்டிகள்

அவையோர்க்கு வணக்கம். சியோல் மாநகர மேயர் பதவியைத் தானே துறந்து, பத்தாண்டுகள் கழித்து அதே நாற்காலிக்குத் திரும்பிய ஓ சே ஹூன் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வழக்கறிஞராகவும் தொலைக்காட்சி முகமாகவும் அறியப்பட்ட இவர், 2000இல் காங்நாம் பகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். நிறுவனங்கள் கட்சிகளுக்கு நிதி கொடுப்பதைத் தடுத்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தை இன்றும் 'ஓ சே ஹூன் சட்டம்' என்றே கொரியர்கள் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் கையிலிருந்தும் அவ்வாண்டுத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. 2006இல் தம் 45ஆம் வயதில் மேயரானார்.

2010இல் மறுபடியும் வென்றார் என்றாலும், முன்னாள் பிரதமர் ஹான் மியோங் சூக்கை விட ஒரு விழுக்காடுகூட அதிகம் பெறவில்லை. மாநகர மன்றமோ எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு என்று அம்மன்றம் நிறைவேற்றிய விதியை ஓ ஏற்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அரசு சோறு போடுவது வரிப்பணத்தை வாரியிறைப்பது, வருமானத்தில் கீழ்ப்பாதியினருக்கு மட்டும் படிப்படியாகக் கொடுத்தால் போதும் என்பது அவர் வாதம். ஏழைப்பிள்ளை என்று தனியே அடையாளம் காட்டிக் கொடுக்கும் உணவு தொண்டையில் இறங்காது என்பது எதிர்த்தரப்பின் பதில். என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது.

இந்தச் சச்சரவை மக்களிடமே விடலாம் என்று 2011 ஆகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு செய்தியாளர்கள் முன்னிலையில் ஓ கண்ணீர் விட்டார், மண்டியிட்டார், தோற்றால் பதவி விலகுவேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்றைய சட்டப்படி வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினர் வராவிட்டால் பெட்டிகளையே திறக்கக் கூடாது. ஆகவே எதிர்க்கட்சி, 'வேண்டாம் என்று வாக்களியுங்கள்' என்று கேட்கவில்லை. இது 'கெட்ட வாக்கெடுப்பு', சாவடிப் பக்கமே போகாதீர்கள் என்று பரப்பியது. விளைவாக, வரிசையில் நிற்பதே ஒருவர் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுக்கும் நிலை வந்தது. வாக்குச்சீட்டின் இரகசியம் சாவடி வாசலிலேயே கரைந்தது. வசதி மிக்க சோச்சோ, காங்நாம் வட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்குப் பதிவானது. நகரம் முழுவதும் பார்த்தால் 25.7 விழுக்காடுதான். 21 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் எண்ணப்படாமலே போயின. இரண்டு நாளில் ஓ விலகினார். அக்டோபர் இடைத்தேர்தலில் சமூகச் செயற்பாட்டாளர் பார்க் வோன் சூன் மேயரானார்.

அடுத்த பத்தாண்டு ஓவுக்கு வறட்சிக்காலம். 2016இலும் 2020இலும் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். பார்க் இறந்தபின் 2021 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் 57 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றுத் திரும்பினார், 2022இலும் வென்றார். அவர் திரும்பி வந்தபோது, அவர் எதிர்த்த அந்த உணவு உயர்நிலைப் பள்ளி வரைக்கும் பரவியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாக்கெடுப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. இப்போது எத்தனை பேர் வந்தாலும் பெட்டியைத் திறந்து எண்ணியாக வேண்டும். முடிவு செல்லுபடியாக நான்கில் ஒரு பங்கினர் வாக்களித்தால் போதும். 2011இல் பதிவானது 25.7 விழுக்காடு.