டெக்சாஸ் கடைகளில் டி.எச்.சி. மிட்டாய்: உறையின் பின்பக்கம் என்ன இருக்கிறது?

வணக்கம். இதைக் கேமராவுக்கு அருகே கொண்டுவருகிறேன், பாருங்கள். மாம்பழச் சுவை, சர்க்கரை தூவிய சதுர மிட்டாய். உறைக்குள் இருபது துண்டுகள், துண்டுக்கு 10 மில்லிகிராம் டெல்டா-9 டி.எச்.சி. கஞ்சாவில் போதை தருவது எதுவோ, அதேதான் இது. பெயர் வேறு, ஆள் வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாலஸுக்கு வடக்கே, நம்மவர்கள் இட்லி மாவு வாங்கும் கடை இருக்கிற அதே வளாகத்தில் வாங்கியது. நிறுவனத்தின் பெயர் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். அது இந்த வீடியோவுக்குத் தேவையில்லை.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில், 2018 பண்ணைச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறது. கடைக்காரரும் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். நேயர்கள் பலர் கேட்பதும் இதுதான்: "அக்கா, பெட்ரோல் பங்கிலேயே விற்கிறார்கள், அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே?" விற்கிறவருக்குப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். வாங்குகிறவரின் கதை தனி. நான் வழக்கறிஞரும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஆனால் உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்காத ஆள்.

முதலில் இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். 2018 டிசம்பரில் கையெழுத்தான அந்தச் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத கஞ்சாச் செடிக்கு ஹெம்ப் என்று பெயரிட்டு, போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நார், விதை, எண்ணெய் என்று விவசாயிகள் பிழைக்கட்டும் என்பது எண்ணம். சதவீதம் போட்டவர்கள் செடியை நினைத்துப் போட்டார்கள், மிட்டாயை நினைத்துப் பார்க்கவில்லை.

ஊறுகாய்த் துண்டில் 0.3 சதவீதம் உப்பு என்றால் நாக்கில் படாது. ஓர் அண்டா சாம்பாரில் அதே 0.3 சதவீதம் என்றால் கை நிறைய உப்பு. இங்கும் அதே கணக்குதான். இந்த மிட்டாய் ஒன்று 4 கிராம். அதில் 0.3 சதவீதம் என்பது 12 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவரைப் படுக்கையில் சாய்க்க 10 போதும். 355 மில்லி குளிர்பான டப்பாவுக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும்! அந்த அளவுக்கு யாரும் ஊற்றுவதில்லை, 5 அல்லது 10 தான் ஊற்றுகிறார்கள். ஆனால் அப்போது அவர்களைத் தடுத்தது அவர்களுடைய புத்திதான், சட்டத்தில் இருந்த அந்தச் சதவீதம் இல்லை.

இன்னொன்று. டி.எச்.சி.யை உணவில் சேர்ப்பது உணவுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதல்ல என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பல காலமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, எச்சரிக்கைக் கடிதங்களும் அனுப்புகிறது. ஆக, செடி ஒரு சட்டத்தில் சரி, அதே செடியின் சாறு மிட்டாய்க்குள் போனால் இன்னொரு சட்டத்தில் தவறு. உறையில் முதல் பாதியை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான தேதி. 2025 நவம்பர் 12 அன்று, அரசு முடக்கத்தை முடித்துவைத்த செலவு மசோதாவில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். அதற்குள் ஹெம்ப்பின் இலக்கணத்தையே மாற்றும் பிரிவு ஒன்று இருந்தது. டெல்டா-9 மட்டுமல்ல, சூடுபட்டால் டி.எச்.சி.யாக மாறும் டி.எச்.சி.ஏ. உள்பட மொத்த டி.எச்.சி.யும் கணக்கில் வரும். கடையில் விற்கும் பொருளாக இருந்தால், ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. துண்டுக்கு இல்லை, முழு டப்பாவுக்கு. இந்த உறையில் இருப்பது 200 மில்லிகிராம். வரம்பைப் போல ஐந்நூறு மடங்கு. அவகாசம் ஓராண்டு, அதாவது அந்தச் சட்டப்படி 2026 நவம்பர் 12 முதல் இந்த மிட்டாய் மத்திய அரசின் பார்வையில் மறுபடி கஞ்சா. தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் இந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. டெக்சாஸில் 2025இல் நடந்தது ஒரு பெரிய கூத்து. துணை ஆளுநர் டேன் பேட்ரிக் முன்னின்று, டி.எச்.சி. மொத்தத்தையும் தடை செய்யும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஜூன் 22 அன்று ஆளுநர் ஆபட் அதை ரத்து செய்தார். சிறப்புக் கூட்டத்தொடர்கள் கூட்டியும் உடன்பாடு வரவில்லை. கடைசியில் செப்டம்பரில் ஆளுநரே நிர்வாக ஆணை போட்டு, 21 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது, அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்றார். வேப் வடிவத்துக்கு மட்டும் செப்டம்பர் 1 முதலே தடை. கலிபோர்னியா 2024 செப்டம்பரிலேயே, டி.எச்.சி. கண்டறியக்கூடிய அளவில் இருந்தாலே ஹெம்ப் உணவு விற்கக் கூடாது என்று அவசர விதி கொண்டுவந்தது. என் கருத்தைக் கேட்டால், மினசோட்டா 2022இல் செய்ததுதான் கொஞ்சம் அறிவான காரியம்: ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம், ஓர் உறைக்கு 50, வயது 21. சதவீதத்தை விட்டுவிட்டு மில்லிகிராமில் பேசினார்கள்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். இதோ கியூஆர் குறியீடு. கைப்பேசியில் பிடிக்கிறேன். ஆய்வகச் சான்று திறக்கிறது. கடைக்காரர்கள் சி.ஓ.ஏ. என்பார்கள். இது திறக்காவிட்டாலோ, நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டாலோ, உறையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே திறந்தது. நல்லது. முதல் பக்கத்தில் ஆய்வகத்தின் பெயர், ஆய்வகங்களுக்கான தரச் சான்றான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம், எல்லாம் இருக்கிறது. இப்போது தொகுதி எண்ணைப் பாருங்கள். சான்றில் 0417 என்று முடிகிறது. உறையின் அடியில், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில், மங்கலாக அச்சடித்திருப்பது 1129. அதாவது இந்தச் சான்று வேறொரு தொகுதிக்கு எடுத்தது. இந்த மிட்டாயை யாரும் சோதித்ததாக என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்த பக்கம். டெல்டா-9 அளவு இருக்கிறது, அதன் நெருங்கிய உறவான டெல்டா-8 இல்லை என்று இருக்கிறது. மொத்த டி.எச்.சி. கணக்கும் இருக்கிறது, அது டி.எச்.சி.ஏ. அளவை 0.877 ஆல் பெருக்கி டெல்டா-9 உடன் கூட்டியது. அதற்கு அடுத்து? முடிந்துவிட்டது. பூச்சிக்கொல்லி, ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம், பூஞ்சை, மிச்சக் கரைப்பான், ஒன்றுக்கும் சோதனை இல்லை. ஹெம்ப் செடி மண்ணில் உள்ள கன உலோகங்களை நன்றாக உறிஞ்சும் செடி. ஈயம் பற்றிப் பேசாத சான்று எனக்கு அரைச் சான்றுதான். போதை எவ்வளவு என்று சொல்லும் தாளை எல்லாரும் காட்டுவார்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் தாளைக் காட்டுகிறவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

மிச்சக் கரைப்பானை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் டெல்டா-8 தான் காரணம். செடியில் அது மிகக் குறைவாகவே இருக்கிறது. கடையில் விற்பதில் பெரும்பகுதி, ஹெம்ப்பில் இருக்கும் போதை தராத சி.பி.டி.யைக் கரைப்பானில் கரைத்து, அமிலம் சேர்த்துச் சூடாக்கி மாற்றியது. நன்றாகச் சுத்திகரிக்காவிட்டால் அமிலமும், பெயர் தெரியாத துணைப்பொருட்களும் மிச்சமிருக்கும். 2022இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் டெல்டா-8 அப்போதைய பண்ணைச் சட்டத்துக்குள் வருகிறது என்றது உண்மை. அது ஒரு வணிகச் சின்ன வழக்கில் வந்த கருத்து. பொருள் பாதுகாப்பானதா என்று நீதிபதிகள் சோதித்துப் பார்க்கவில்லை. டெல்டா-8, டெல்டா-10, எச்.எச்.சி. என்று ஆங்கில எழுத்துகளும் எண்களும் மாறி மாறி வரும் பொருட்களின் பக்கம் நான் போகமாட்டேன்.

அளவு விஷயம். உறையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2015இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, மருத்துவக் கஞ்சாக் கடைகளில் வாங்கிய 75 உணவுப் பொருட்களைச் சோதித்தது. 17 சதவீதம் மட்டுமே சொன்ன அளவில் இருந்தன. 23 சதவீதத்தில் சொன்னதைவிடக் கூடுதல். முறையான கடைகளிலேயே இந்த நிலை என்றால் பெட்ரோல் பங்கை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புகையைப் போல இது உடனே ஏறாது. வயிற்றுக்குப் போய், கல்லீரலில் இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறி, பிறகுதான் வேலையைக் காட்டும். அரை மணி நேரமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். ஒன்றுமே தெரியவில்லையே என்று இரண்டாவது துண்டை வாயில் போடுகிற நேரம் இருக்கிறதே, அவசரப் பிரிவுக்குப் போகிறவர்களில் பலர் அங்கேதான் கிளம்புகிறார்கள். புதியவருக்கு 2.5 மில்லிகிராம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் தொடக்கம். பத்து மில்லிகிராம் துண்டை நாலாக வெட்டினால் வந்துவிடாதா என்றால், வராது. மருந்து துண்டு முழுவதும் சமமாகப் பரவியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறிய அளவிலேயே தயாரித்த துண்டை வாங்குங்கள். மதுவுடன் வேண்டாம். அன்று கார் ஓட்ட வேண்டாம். எதனால் தள்ளாடினாலும் டெக்சாஸில் அது போதையில் ஓட்டிய குற்றம்தான். கர்ப்பிணிகள், இதயக் கோளாறு உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அப்பாவின் முழங்கால் வலிக்கு ஒன்று கொடுத்துப் பார்க்கலாமே என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி எச்-1பி, கிரீன் கார்டுக்காரர்களுக்கு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கிறது; மாநிலம் அனுமதித்ததா என்று அவர்கள் பார்ப்பதில்லை. குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமைக்கான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று நேரடியாகவே சொல்கிறது. தண்டனை வேண்டும் என்பதுகூட இல்லை. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டு, குற்றமாகும் விதத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்க இடமுண்டு. இன்றைக்கு ஹெம்ப் என்ற குடையின் கீழ் நிற்கும் பொருள், அந்த நவம்பர் தேதிக்குப் பிறகு குடை இல்லாமல் நிற்கும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், பார்ட்டியில் நண்பரிடம் கேட்காதீர்கள்.

வேலையில் சிறுநீர்ச் சோதனை இருந்தால் கதை இன்னும் சுருக்கம். உடலில் டி.எச்.சி. விட்டுப்போகும் கழிவுப்பொருளைத்தான் அந்தச் சோதனை தேடுகிறது. அது ஹெம்ப் மிட்டாயில் வந்ததா, கஞ்சாவில் வந்ததா என்று சோதனைக்குத் தெரியாது. ரசீதைக் காட்டி வாதாடுவது பலிக்காது.

நீண்ட வார இறுதியில் கொலராடோவுக்கோ நியூ மெக்சிகோவுக்கோ காரில் போய், அங்குள்ள டிஸ்பென்சரியில், அதாவது அனுமதி பெற்ற கஞ்சாக் கடையில், வாங்கித் திரும்பிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க இதே போன்ற மிட்டாய்தான். டெக்சாஸில் ஹெம்ப் வரம்புக்குள் வராத டி.எச்.சி. உணவு, கஞ்சா இலையைவிடக் கடுமையான பிரிவில் வருகிறது. எடை போடும்போது சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்தே போடுவார்கள். நான்கு கிராம் தொட்டால் இரண்டாம் நிலைப் பெருங்குற்றம், 2 முதல் 20 ஆண்டு. ஒரே ஒரு துண்டின் எடை அது.

இந்தியாவுக்கு எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் ஹெம்ப் மிட்டாய்க்கு விலக்கு எதுவும் இல்லை. அங்கும் கலவை முழுவதின் எடையைத்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. சிங்கப்பூர் வழியாகச் சென்னை போகிறவர்கள் கைப்பை, குழந்தையின் பை, குளிர்கோட்டுப் பை எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கஞ்சாக் கடத்தலுக்குத் தூக்கு வரை வைத்திருக்கும் நாடு அது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் சாப்பிட்டிருந்தால்கூட அங்கே குற்றம்.

கடைசியாக, வீட்டில் வைப்பது. இதன் வாசனை பாருங்கள், மாம்பழ மிட்டாய் வாசனைதான். நாலு வயதுக் குழந்தைக்கு இது மிட்டாய், வேறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா கலந்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டதாக விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207, 2021இல் 3,054. பிரபலமான சிப்ஸ், மிட்டாய் உறைகளைப் போலவே அச்சடித்து டெல்டா-8 விற்ற நிறுவனங்களை 2023 ஜூலையில் எஃப்.டி.ஏ.வும், நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி.யும் எச்சரித்தன. அப்படிப்பட்ட உறையைப் பார்த்தால் வாங்காமல் போவது மட்டும் போதாது, கடைக்காரரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டும் போகலாம், தப்பில்லை. வாங்குகிறவர்கள் பூட்டுள்ள பெட்டியில், அசல் உறையோடு, உயரத்தில் வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவர் கேட்கும்போது அந்த உறைதான் பேசும்.

பெரியவர் அதிகம் சாப்பிட்டுப் பதறினால், தனியே விடாமல் அருகில் உட்காருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், தொடர் வாந்தி என்றால் 911. குழந்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மயங்கிக் கிடந்தால் 911, விழிப்பாக இருந்தால் உடனே விஷ முறிவு உதவி எண். நாள் முழுவதும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை: 1-800-222-1222. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள், பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு உதவும். எண் திரையின் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது, வீடியோவை நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.